பனிமலைக்கு ஒரு பிடி அவல்

ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் நான் முதலில் எழுதுவது அதன் கடைசிப் பக்கத்தைத்தான். திட்டம் முடிகிற நாளில் யார் கையில் எதைக் கொடுக்கப் போகிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுவேன். 'கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் மீட்டருக்கு மேலே காவல் நிற்கும் வீரர், உருக்கிய பனித் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி, பத்து நிமிடத்துக்குள் வயிறு நிறையச் சாப்பிடக்கூடிய அரிசி உணவு.' இப்படி ஒரு வாக்கியம் நேராக வந்து நிற்கும்வரை நோக்கங்கள், செய்முறை, செலவுக் கணக்கு எதையும் தொடுவதில்லை. வாக்கியம் வந்துவிட்டால் மீதிப் பக்கங்கள் தாமாக வரிசைக்கு வரும். வராவிட்டால் எத்தனை பக்கம் எழுதினாலும் அது யாருக்காக எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியாது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெல் பதப்படுத்தல் சொல்லிக்கொடுப்பவள், அதிலேயே ஆராய்ச்சி செய்பவள். எங்கள் வட்டாரத்தில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி என்றால் ஆட்களுக்கு வேறு படம்தான் மனத்தில் வரும். அதற்குக் காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தைப் புதுப்பித்து, 2013 மே மாதம் தஞ்சாவூரில் விமானப்படைத் தளத்தைத் திறந்தார்கள். 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 விமானங்களின் 222-ஆவது படைப்பிரிவு இங்கே வந்து சேர்ந்தது. நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி அவை வயலுக்கு மேலே போகின்றன. பக்கத்துத் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கி வைத்ததும் திருச்சியில்தான். ஆகவே, பாதுகாப்பு நிதிக்கு விண்ணப்பிக்கிறேன் என்று சொன்னால், 'அரிசிக்கும் அதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?' என்று கேட்கிறார்கள்.

சம்பந்தம் மிகப் பழையது. சொல்லப்போனால், சேனைப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிகளில் மனிதகுலத்துக்கு மிகுதியாக நன்மை செய்தவற்றுள் ஒன்று அரிசியைப் பற்றியது. அந்தக் கதையில் நம் புழுங்கல் அரிசிக்கும் குன்னூருக்கும் இடம் உண்டு. விண்ணப்பம் எழுத வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1882 டிசம்பரில் ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நெடும்பயணம் புறப்பட்டது. கப்பலில் 376 பேர். திரும்புவதற்குள் 169 பேருக்கு பெரிபெரி நோய் வந்து, 25 பேர் இறந்தார்கள். கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும், அந்நோய் அப்படிப்பட்டது. மாலுமிகளின் முக்கிய உணவு நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. தகாகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர் உணவில்தான் கோளாறு என்று நம்பினார். அவர் அரசிடம் கேட்டது இதுதான்: இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்புங்கள், உணவை மட்டும் மாற்றுங்கள், அதற்கு ஆகும் கூடுதல் செலவைக் கொடுங்கள். பெரிய இடங்கள்வரை ஏறி இறங்கி அந்தப் பணத்தை வாங்கினார். 1884-இல் சுகுபா என்ற கப்பல் அதே பாதையில் போனது. வாற்கோதுமை, இறைச்சி, பால் சேர்ந்த உணவு. பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. நோய் கண்ட சிலரும் கொடுத்த உணவை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் என்று பிறகு தெரிந்தது.

தகாகி சொன்ன காரணம் தவறு. உணவில் புரதம் போதாததுதான் நோய்க்கு மூலம் என்று அவர் எண்ணினார். உண்மையில் குறைந்தது தயமின் என்னும் பி1 வைட்டமின். ஆனால் அவர் அமைத்த சோதனை சரி. அதே கடல், அதே பாதை. மாறியது ஒன்றே ஒன்று. ஒரு முன்மொழிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. காரணம் பற்றிய நம் கருத்து நாளை பொய்யாகலாம். சோதனையை நேர்மையாக அமைத்திருந்தால் அதன் விடை நிலைக்கும், அதற்குக் கொடுத்த பணமும் வீணாகாது. கடற்படை கேட்டுக்கொண்டது, தரைப்படை கேட்கவில்லை. எழுத்தாளராக உலகம் கொண்டாடும் மோரி ஓகாய் அப்போது தரைப்படை மருத்துவர். அவரும் தகாகியை ஏற்க மறுத்தவர்களில் ஒருவர். 1904-05 ருஷ்ய ஜப்பானியப் போரில் தரைப்படையினர் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்குப் பலியானார்கள்.

ஜாவாவில் டச்சுப் படையின் மருத்துவமனையில் எய்க்மான் கோழிகளை வைத்துச் செய்த ஆய்வு இதே சங்கிலியின் அடுத்த கண்ணி. மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்கியது. தவிட்டோடு கூடிய அரிசி போட்டதும் தேறின. அதற்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கோழி ஆய்வு நடந்த காலத்தை ஒட்டி, மலாயாவில் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பச்சரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளிகளுக்கு பெரிபெரி வந்தது. பக்கத்திலேயே வேலை செய்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு வரவில்லை. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் இரண்டு அரிசியையும் இரண்டு கூட்டத்துக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்து, அதை உறுதி செய்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் ஜனங்கள் எத்தனையோ துன்பத்தைச் சுமந்து போனார்கள். அந்த ஒரு துன்பத்திலிருந்து மட்டும் சோற்றுப் பழக்கம் அவர்களைக் காத்தது. நெல்லை ஊறவைத்து ஆவி காட்டும்போது, தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள பி1 தண்ணீரோடு கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது. களத்தில் நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் கணக்குத் தெரியாது. அவர்கள் காப்பாற்றி வந்தது பக்குவத்தை.

முதல் உலகப் போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல்வரை ஈராக்கில் கூத் நகரம் முற்றுகையில் இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆங்கிலேய வீரர்கள் வெள்ளை மாவு ரொட்டி தின்று பெரிபெரியில் விழுந்தார்கள். முழுக்கோதுமை ஆட்டா தின்ற இந்திய வீரர்களுக்கு அது வரவில்லை. காய்கறி இல்லாமல் அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஒரே முற்றுகை, இரண்டு தட்டு, இரண்டு நோய். சேனைக்கு உணவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கும் நிதி அதிகாரிக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இந்தப் பின்னணியில்தான் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். அவர் இந்திய மருத்துவப் பணியின் ராணுவ மருத்துவர். 1911-இல் அமைந்த இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் பணம் கொடுத்தது. அந்தச் சங்கமே பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமாக மாறியது. அரசுச் செலவைக் குறைக்க வந்த இன்ச்கேப் குழுவின் கத்தரி 1923-இல் இந்த விசாரணையையும் வெட்டியது. இரண்டு ஆண்டு வேலை நின்றது. 1925-இல் மீண்டும் நிதி வந்து, 1928-இல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஆய்வகமாக வளர்ந்தது. அங்கேயிருந்துதான் 1940-இல் அய்க்ராயிடும் அவருடைய குழுவினரும் இந்தியாவின் அரிசிச் சிக்கலைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். தீட்டிய பச்சரிசி தின்ற வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்ததையும், புழுங்கல் அரிசி வட்டாரங்கள் தப்பியதையும் அது விளக்கியது. 1958-இல் அந்த ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அந்த இரண்டு ஆண்டு நிறுத்தத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். ஆய்வுக்கூடத்தில் எலிகளையும் புறாக்களையும் வளர்ப்பவர்கள் கலைந்து போவார்கள். பழகிய உதவியாளர் வேறு வேலை தேடுவார். திரும்பப் பணம் வரும்போது, முதலிலிருந்து ஆள் பழக்க வேண்டும். இன்றும் அதே கதைதான். மூன்று ஆண்டுத் திட்டத்தில் இரண்டாம் தவணை ஒரு பருவம் தாமதமானால் எங்களுக்கு ஒரு வெள்ளாமை போய்விடும். குறுவை நெல்லில் தொடங்கிய சோதனையைத் தாளடி நெல்லில் தொடர முடியாது. ரகம் வேறு, ஈரம் வேறு. ஆகவே, என் விண்ணப்பங்களில் கால அட்டவணையை ஜனவரி, பிப்ரவரி என்று போடுவதில்லை. குறுவை அறுவடை, சம்பா அறுவடை என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக எந்தத் தவணை கையில் இருக்க வேண்டும் என்று காட்டுவேன். தில்லியில் உட்கார்ந்து படிப்பவருக்கு டெல்டாவின் நாட்காட்டி தெரிய நியாயமில்லை. அதைத் தெரிவிப்பது எழுதுகிறவர் கடமை.

இனி அந்தப் பனிமலைக்கு வருகிறேன்.

1984 ஏப்ரல் 13-ஆம் தேதி முதல் நம் படைகள் சியாச்சினில் நிற்கின்றன. பல காவல் நிலைகள் ஐயாயிரம் மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறக்குறைய 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் புழுங்கல் அரிசியை வைத்தால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் வெள்ளை மணி நின்றுவிடும். குக்கர் உண்டு, ஆனால் எரிபொருள் வேண்டும். அந்த மண்ணெண்ணெய் மேலே போவது ஹெலிகாப்டரில், கடைசித் தூரம் மனிதத் தோளில். இன்னொரு கணக்கும் இருக்கிறது. அங்கே குழாய் கிடையாது, பனியை உருக்கித்தான் தண்ணீர். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் ஏறக்குறைய 334 கிலோஜூல் வெப்பம் போகிறது. உருகிய நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இன்னொரு 350. அதற்குப் பிறகுதான் அரிசி வேகத் தொடங்கும். கொதிக்கவே வைக்காமல், ஐம்பது அறுபது டிகிரிச் சூட்டிலேயே சாப்பிடத் தயாராகும் உணவு இருந்தால், வேகவைக்கும் வெப்பம் முழுவதும் மிச்சம். கொதிக்க வைப்பதிலும் ஒரு பங்கு மிச்சம். உணவுப் பொட்டலத்தின் எடையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அதைச் சமைக்கப் போகும் எண்ணெயின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோதுதான் என் முன்மொழிவுக்கு உயிர் வந்தது.

அந்த உணவு நம் ஊரில் ஏற்கனவே இருக்கிறது. அவல். நெல்லை ஊறவைத்து, சூட்டு மணலில் வறுத்து, சூடு ஆறுமுன் தட்டிவிடுகிறோம். மாவுச்சத்து வறுபடும்போதே வெந்துவிடுகிறது. தட்டும்போது மணி நசுங்கி, தண்ணீர் உள்ளே போக ஆயிரம் வழி திறக்கிறது. பச்சைத் தண்ணீரே போதும். இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கோ எந்த ஆய்வகத்துக்கோ இல்லை. அப்படியென்றால், நிதி கேட்க அதில் என்ன புதுமை என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். விடை அவலின் குறைகளில் இருக்கிறது. மெல்லிய அவல் இரண்டு நிமிடத்தில் ஊறும், ஆனால் கூழாகிவிடும். கெட்டி அவல் உருக்குலையாது, ஆனால் காத்திருக்க வேண்டும். தவிட்டின் எண்ணெய் அவலில் ஒட்டிக்கொண்டிருப்பதால் சில மாதத்தில் காறல் வாடை வரும். சேனைக்கு ஓராண்டாவது கெடாமல் நிற்க வேண்டும். அதுவும் ராஜஸ்தான் வெயிலில் கிடங்கிலிருந்து லடாக் குளிருக்குப் போகும் பயணத்தைத் தாங்கி. உயரத்தில் பசி மந்தமாகிவிடும் என்பதால் சுவையும் மணமும் முக்கியம். இவை நான்கும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள். எந்த ரகம், எவ்வளவு ஈரம், என்ன சூடு, எந்தத் தடிமன், என்ன உறை என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி.

அதற்கான அளவுகளை நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஓர் அவல் ஆலையில். அங்கே வறுப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"மிஷினை வச்சு நெல்லுல ஈரம் பாக்குறீங்க டீச்சர். நான் ஒரு மணியப் பல்லுல கடிச்சுப் பாத்துருவேன். நடுவுல மாவு தட்டக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

"எவ்வளவு நேரம் ஊறணும்ண்ணே?"

"நேரம்னு ஒண்ணு கெடையாது. குறுவை நெல்லுக்கு ஒரு கணக்கு, சம்பாவுக்கு ஒரு கணக்கு. போன வருசத்து நெல்லுன்னா இன்னும் கேக்கும். மணலு காஞ்சிருச்சான்னு பாக்க நாலு நெல்லப் போடுவேன். வெடிச்சா பொரி. வெடிக்கப் போறப்ப எடுத்தா அவலு."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் விண்ணப்பத்தில் ஒரு மாறியாக உட்கார்ந்தது. பல்லில் கடிப்பது, மணியின் நடுவில் உள்ள ஈரச் சதவீதம். பழைய நெல், சேமிப்புக் காலம். வெடிக்கப் போகிற நேரம், மணலின் வெப்பநிலையும் வறுக்கும் நொடிகளும். அவருடைய மாதிரியைத்தான் கட்டுப்பாட்டு மாதிரியாக வைத்தேன். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது எதுவானாலும் அவருடைய அவலை மிஞ்ச வேண்டும். அவருடைய நாட்களுக்கு உரிய கூலியைச் செலவுக் கணக்கில் தனி வரியாகப் போட்டேன். அனுபவத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு, பின்னுரையில் நன்றி சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

உணவைப் பொறுத்தவரை சேனையின் தாய்வீடு மைசூர். பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் 1961-இல் அங்கே தொடங்கியது. 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது அவருக்கு இந்திய உணவு தயாரித்தவர்களும் அவர்களே. பொட்டலத்திலேயே வேகவைத்து நுண்ணுயிர் நீக்கிய புலாவும் சப்பாத்தியும் அந்த ஆய்வகத்தின் வழியாகச் சேனைக்குப் பழகின. ஆனால் ஈரமான பொட்டலம் கடுங்குளிரில் கல்லாக உறையும். உண்ணுமுன் அதையும் உருக்க வேண்டும். உலர்ந்த அவலுக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்ணப்பத்தில் இதைச் சொல்லும்போது முன்னோர் வேலையைக் குறைத்துப் பேசக்கூடாது. அவர்கள் எதுவரை வந்தார்கள், அதற்கு மேல் ஓரடி எங்கே வைக்க முடியும் என்று காட்டினால் போதும். மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அந்த வேலையில் வாழ்நாளைக் கழித்தவராக இருப்பார். நாம் அதைப் படித்திருக்கிறோமா இல்லையா என்பது அவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் நின்று விளக்கும் நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்வி, சீருடையில் இருந்த ஒருவரிடமிருந்து வந்தது. மும்மடிக் கையுறை போட்ட கையால் இந்த உறையைக் கிழிக்க முடியுமா என்று கேட்டார். பெராக்சைடு எண், நீர்ச் செயல்பாடு, ஒன்பது புள்ளிச் சுவைத் தரம் எல்லாவற்றுக்கும் வரைபடம் வைத்திருந்தேன். அவர் கேட்டது கையுறையை. பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிஎத்திலீன் என்று மூன்றடுக்கு உறை, உள்ளே நைட்ரஜன், விளிம்பில் அகலமான வெட்டு என்று பின்னர் திட்டத்தில் ஒரு பகுதியே சேர்ந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே பயனாளர் ஒருவரை விண்ணப்பத்துக்கு முன்பே சந்திக்க வேண்டும் என்று சொல்வேன். நம் டெல்டாவில் அதற்குத் தட்டுப்பாடு கிடையாது. தெருவுக்கு ஒரு முன்னாள் ராணுவத்தார் இருக்கிறார். மேலே எப்படிச் சாப்பிட்டீர்கள், எதை மிச்சம் வைத்தீர்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். மிச்சம் வைத்த கதைதான் நமக்கு வேண்டியது.

பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1958-இல் உருவான பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ. கல்வி நிலையங்களுக்குப் புறநிலை ஆராய்ச்சி மானியம் கொடுக்கிறது. அதன் கீழ் நான்கு வாரியங்கள்: விமானவியல், கடற்படை, படைக்கலம், உயிர் அறிவியல். நெல், உணவு, உடல்நலம், நீர் என்று வேலை செய்பவர்களுக்கு நான்காவதுதான் வாசல். கம்பெனி நடத்துபவர்களுக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி உண்டு. திட்டச் செலவில் 90 சதவீதம்வரை, 50 கோடி ரூபாய்வரை கிடைக்கும். புதுத்தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஐடெக்ஸ். 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில்தான் அதைத் தொடங்கினார்கள். அதன் முதல் நிலை மானியம் ஒன்றரைக் கோடிவரை. அதற்கு ஈடாக நம் பங்கும் போட வேண்டும். 2022-23 வரவுசெலவில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 சதவீதத்தைத் தொழில்துறை, புதுத்தொழில், கல்வி நிலையங்களுக்கு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகிறவர்களில் டெல்டாக்காரர்கள் குறைவு என்பது என் கண்ணில் படுகிறது.

செலவுக் கணக்கைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கருவியைக் கேட்பது எளிது. ஆளைக் கேட்பதற்குத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்திருக்கிறது. திருவாரூரிலோ மன்னார்குடியிலோ இருந்து முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைக்கு அது வெறும் உதவித்தொகையன்று, வீட்டில் 'எப்ப வேலைக்குப் போவ?' என்ற கேள்வியை மூன்று ஆண்டு தள்ளிப்போடும் கேடயம். கருவியைப் பக்கத்து நிறுவனத்தில் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகங்களும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் தஞ்சாவூரிலேயே இருக்கின்றன. இந்த உணவு நிறுவனமே 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1972-இல் நெல் பதன ஆராய்ச்சி மையமாக எழுந்ததுதான். பயிற்சி பெற்ற கையை வாடகைக்கு வாங்க முடியாது.

பிறகு யூ.சி. எங்கள் உலகத்தில் எல்லாரும் அஞ்சும் இரண்டெழுத்து. கொடுத்த பணத்தைக் கொடுத்த காரியத்துக்கே செலவிட்டோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ், பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவம். வங்கியில் பணம் கிடந்த நாளுக்கு வந்த வட்டியைக்கூட இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இதைத் தொல்லை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தப் பணத்தில் எங்கள் ஊர்க் கொள்முதல் நிலைய வாசலில், 17 சதவீத ஈரத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு நிற்கும் விவசாயி கட்டிய வரியும் இருக்கிறது. ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு இருக்க வேண்டும். மாணவர்களுக்குப் பேரேடு எழுதவும் நான் சொல்லிக்கொடுக்கிறேன், அதுவும் ஆராய்ச்சிதான்.

சேனைப் பணத்தை ஆராய்ச்சிக்கு வாங்கலாமா என்று சில நண்பர்கள் மனசாட்சியோடு கேட்கிறார்கள். கேள்வி சரியானது. 1946-இல் அமெரிக்கக் கடற்படை தன் ஆராய்ச்சி அலுவலகத்தைத் தொடங்கியதிலிருந்து, உலகெங்கும் அறிவியலில் கணிசமான பங்கு சேனைப் பணத்தில் நடந்திருக்கிறது. அதில் நன்மையும் உண்டு, அழிவும் உண்டு. எது நம் கையால் நடக்கலாம், எது கூடாது என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுமுன் முடிவெடுக்க வேண்டும். முடிவுகளை வெளியிட அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். மாணவரின் முனைவர் பட்டம் அதில் சிக்கிக்கொள்ளாதபடி எந்தப் பகுதியை வெளியிடலாம் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நான் உணவைத் தேர்ந்தெடுத்தேன். பசித்தவருக்குச் சோறு கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்தச் சோறு மலையோடு நிற்பதும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் மின்சாரமும் அடுப்பும் இல்லாமல் ஜனங்கள் முகாம்களில் கிடந்தார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அடுப்பு இல்லை, எரிபொருள் இல்லை, நல்ல தண்ணீர் கொஞ்சம்தான், குழந்தைக்கும் முதியவருக்கும் உடனே வேண்டும். சியாச்சினுக்கு நான் எழுதிய நிபந்தனைகளும் நாகை அக்கரைப்பேட்டைப் புயல் முகாமுக்கு வேண்டியவையும் ஏறக்குறைய ஒன்றே. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு முன்மொழிவிலும், பேரிடர்க் காலத்தில் இதே உணவை மாவட்ட நிர்வாகம் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் சேர்க்கிறேன். குழுவினர் அதை விரும்பியே படிக்கிறார்கள்.

ஆகவே, நம் வட்டாரத்துக் கல்லூரிகளில் அரிசி, மண், நீர், கடல் என்று வேலை செய்யும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சம்பா அறுவடைக்குள் ஒரு முன்னாள் வீரரையும், உங்கள் துறையில் கை பழகிய ஒரு தொழிலாளியையும் பார்த்துப் பேசுங்கள். அவர்கள் சொன்னதிலிருந்து இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பு ஒன்றை எழுதி, உங்கள் துறைக்கு நெருக்கமான டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்து விஞ்ஞானி ஒருவருக்கு முதலில் அனுப்புங்கள். முழு விண்ணப்பத்தைப் பிறகு எழுதலாம். எழுதத் தெரியவில்லை என்று தோன்றினால் என்னிடம் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.